மெட்டு வைத்த பேஸா, மெட்டு இல்லாத பேஸா?

காலேஜ் பேண்டில் வாசிக்கும் உங்கள் பையனோ பெண்ணோ, "ஃப்ரெட்லெஸ் பேஸ் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருதுப்பா, விலை ரொம்பக் கம்மி" என்று வந்து நிற்கிறார்களா? பணத்தை எடுப்பதற்கு முன், அது என்ன, ஏன் அந்த விலைக்கு வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

பேஸ் கிட்டாரில் பெரும்பாலும் நான்கு தடித்த தந்திகள் இருக்கும். பாட்டில் அது தனியாகக் காதில் விழாது. நிறுத்திப் பாருங்கள், பாட்டு காலில்லாமல் நிற்கும். அதன் கழுத்தின் குறுக்கே வரிசையாக உலோகம் பதித்திருந்தால் ஃப்ரெட்டட். வீணையில் மெட்டு என்கிறோமே, அதேதான். மெட்டு இல்லாமல் வழவழவென்று மரம் மட்டும் இருந்தால் ஃப்ரெட்லெஸ். வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் இருந்தது மெட்டு இல்லாததுதான். ஆளுயர டபுள் பேஸ், வயலினைப் போலவே காதை நம்பி வாசிப்பது. 1951-ல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் மெட்டு பதித்த மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்து 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தார். துல்லியம் என்று பொருள். விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் ஸ்வரம் பிசகாது. ஆனால் அந்தப் பழைய குழைவு சிலருக்கு வேண்டியிருந்தது. 1966-ல் ஆம்பெக் நிறுவனம் மெட்டு இல்லாத மின்சார பேஸை வெளியிட்டது. 1970-ல் ஃபெண்டரும் இறங்கியது.

மெட்டு உள்ள பேஸில் தந்தி உலோகத்தில் போய் நிற்கிறது. அதனால் ஓசை 'டங்'கென்று தெளிவாகத் தொடங்கும். மெட்டு இல்லாததில் விரல் சதைக்கும் மரத்துக்கும் நடுவில் நிற்கிறது. தந்தி அதிரும்போது மரத்தை லேசாக உரசி, 'ம்வா' என்று மனிதக் குரல்போல முனகும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகலாம். வீணையில் மெட்டு இருந்தும் தந்தியை இழுத்தே கமகம் கொடுத்துவிடுகிறார்களே என்று கேட்கலாம். பேஸின் தந்தி தடிமனானது. அந்த அளவுக்கு இழுபடாது.

வித்தியாசத்தைக் காதாலேயே தெரிந்துகொள்ள, ஜாகோ பாஸ்டோரியஸின் 1976 ஆல்பத்தைக் கேளுங்கள். 1983-ல் பால் யங் பாடி வந்த 'வேர்எவர் ஐ லே மை ஹேட்' பாட்டில் பீனோ பல்லடினோ வாசித்திருப்பதும் இந்த வகைதான்.

சரி, சிரமம் எங்கே? வழக்கமான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். முதல் மெட்டு சுமார் 48 மில்லிமீட்டரில் வரும். பன்னிரண்டாவதைத் தாண்டினால் அடுத்த மெட்டு 24 மில்லிமீட்டர்தான். மெட்டு இல்லாதபோது அங்கே விரல் 3 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும், கூடப் பாடுகிறவர் முகம் சுளிப்பார். அடியில் இருக்கும் ஸ்வரம் விலகினால் மேலே பாடுவதெல்லாம் தப்பாகக் கேட்கும்.

அதனால் முதல் பேஸ் மெட்டு உள்ளதாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. வயலின் கற்ற பிள்ளையானால் மட்டும் யோசிக்கலாம். ஃப்ரெட்லெஸ்தான் வேண்டும் என்றால், மெட்டு இருக்க வேண்டிய இடங்களில் கோடு போட்டது கிடைக்கிறது. அதை வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இருக்கிற பேஸில் மெட்டுகளைப் பிடுங்கிவிடலாம் என்று பிள்ளைகள் யோசனை சொல்வார்கள். காரணம் ஜாகோதான். 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸிலிருந்து வெண்ணெய்க் கத்தியால் மெட்டுகளை எடுத்ததாக அவரே சொன்ன கதை உண்டு. வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறார்! பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியை மேலே பூசினார். வீட்டில் ஒரே ஒரு பேஸ் இருந்தால் இதைச் செய்ய விடாதீர்கள். மரம் பிளந்தால் திரும்ப மெட்டு அடிப்பது கிட்டார் ரிப்பேர் செய்கிறவரின் பெரிய வேலை, செலவும் அதிகம். கழுத்து ஸ்க்ரூவில் மாட்டிய மாடலானால், அளவு பொருந்தும் மெட்டில்லாத கழுத்தைத் தனியே வாங்கி மாட்டலாம். பழைய கழுத்தை எடுத்து வைத்தால், விற்கும்போது திரும்ப மாட்டிக் கொடுக்கலாம்.

செகண்ட் ஹேண்டில் ஃப்ரெட்லெஸ்ஸைத் தேடி வருகிறவர்கள் குறைவு. விலை இறங்குவது அதனால்தான். நாளை நீங்கள் விற்கும்போதும் அதே கதைதான் என்பதை மறக்க வேண்டாம்.

நேரில் போய்ப் பாருங்கள். கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கழுத்து முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட், சாவி போட்டால் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்பாவிட்டால் வந்த வழியே கிளம்பிவிடலாம். மெட்டு உள்ளது என்றால் ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் வாசித்துப் பார்க்க வேண்டும், 'ஜிர்'ரென்றால் தேய்ந்திருக்கலாம். மெட்டில்லாததில் மரத்தில் தந்தி ஓடிய தடம் பள்ளமாக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். சொரசொரப்பான ரவுண்ட்வுண்ட் தந்தி மரத்தைத் தின்றுவிடும், வழவழப்பான ஃப்ளாட்வுண்ட் அவ்வளவு தின்னாது. ஆம்ப்ளிஃபயர் தனிச் செலவு. சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் செருகிச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கிழியும்.

இன்னொன்று, பில். ஜாகோவின் அந்த பேஸ் 1986-ல் நியூயார்க்கில் திருடு போனது. மறு வருஷம் தன் 35-வது வயதில் அவர் இறந்தார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அது அதே ஊரில் வெளிப்பட்டது. யாருக்குச் சொந்தம் என்று தகராறு. கடைசியில் மெட்டாலிகா பேண்டின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவியதால்தான் 2010-ல் அது குடும்பத்தின் கைக்கு வந்தது. நீங்கள் வாங்கும் கருவிக்கு பில் இல்லையென்றால், விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தலைக்குப் பின்னாலோ கழுத்து சேரும் இடத்துத் தகட்டிலோ சீரியல் நம்பர் இருக்கும். அதை போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.