உங்களுக்குத் தெரியுமா? ஆபரேஷனுக்கு முன் ஒரு கணவனின் வேண்டுகோள்

இயக்குநர் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் படம். புற்றுநோயாளி வேணுவாக முத்துராமன். தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் முரளி, மனைவி சீதாவின் பழைய காதலர் என்பது தெரிந்ததும், “நான் போய்விட்டால் அவரையே கல்யாணம் செய்துகொள்” என்று அவளிடம் கேட்கிறான். சீதா நொறுங்கிப்போகிறாள். முரளியோ இரவு பகலாக உழைத்து வேணுவைக் காப்பாற்றிவிட்டுத் தானே உயிரை விடுகிறார். சாமி கும்பிடுவதைவிடப் பெரிய பக்தி அந்த உழைப்பு! மறு ஆண்டே இந்தக் கதையை ‘தில் ஏக் மந்திர்’ என்று இந்தியிலும் ஸ்ரீதரே எடுத்தார்.

வேணுவுக்கு வந்த அதே புற்றுநோயைப் பற்றி, வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கட்டியோ ஆறாத புண்ணோ தெரிந்தால், வேலை ஷிப்ட்டைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.