ஓசை குறைந்த சிறு கணினி

கல்வியாளரின் மேசைமேல் இன்று இடம்பெற்றுள்ள கருவிகளுட் கணினி முதன்மையானது. எழுதுதலும் கணித்தலும் நூலாராய்தலும் பெரும்பாலும் அதன் துணைகொண்டே நிகழ்கின்றன. ஆயினும், சிந்தனைக்குத் துணைசெய்ய வந்த இக்கருவி தன் இரைச்சலாற் சிந்தனையைக் குலைப்பதும் உண்டு. பகலிலே தெருவோசையுடன் கலந்து மறையும் அவ்விரைச்சல், ஊரடங்கிய இராப்பொழுதிலே தனித்தெழுந்து செவியை வருத்தும். உறுப்புக்களைத் தேர்ந்து வாங்கித் தமக்கேற்ற கணினியைத் தாமே பொருத்திக்கொள்வோர் பலர், அது சிறியதாகவும் ஓசை குறைந்ததாகவும் இருத்தல் வேண்டுமென விரும்புவர். இவ்விரு விருப்பங்களும் ஒன்றோடொன்று முரணும் இயல்பின. அம்முரண் யாது, அதனைத் தீர்க்கும் வழி யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

ஓசையின் மூலம்

கணினியின் ஓசை பெரும்பாலும் மின்விசிறிகளிலிருந்து பிறப்பது. விசிறிகள் அமைக்கப்படுவதோ வெப்பத்தை அகற்றுதற்பொருட்டு. கணினி உட்கொள்ளும் மின்சத்தி ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. 100 உவாற்று மின்னைக் கொள்ளும் கணினியொன்று, வாளாவிருக்கும் மனிதனொருவனின் உடல் வெளிவிடும் அளவான வெப்பத்தைச் சிறு பேழையொன்றினுள்ளிருந்து வெளிவிடுகின்றது. எனவே, ஓசையை அடக்க விரும்புவோன் முதற்கண் ஆராயவேண்டியது வெப்பத்தையேயாம்.

இவ்வுண்மையை அப்பிள் நிறுவனத்தின் வரலாறு நன்கு விளக்குகின்றது. 1977 இல் வெளிவந்த அப்பிள் 2 என்னுங் கணினியில் விசிறி இல்லை. றொட் ஹோல்ற் என்னும் பொறியியலாளர், அக்காலத்து வழக்கிலிருந்தவற்றினும் குறைந்த வெப்பத்தை வெளிவிடும் மின்வழங்கியொன்றை அதற்கென ஆக்கினார். ஆதலின் விசிறி வேண்டாதாயிற்று. 1980 இல் அறிமுகமான அப்பிள் 3 இலும் ஸ்டீவ் ஜொப்ஸ் என்பாரின் விருப்பத்திற்கிணங்க விசிறி விலக்கப்பட்டது. அக்கணினி அடிக்கடி பழுதுற்றது. சில்லுக்கள் தம் குழிகளினின்றும் தளர்ந்தன. விசிறியின்மையும் சுற்றுப்பலகையின் நெருக்கமும் காரணங்களாகக் கூறப்பட்டன. கணினியைச் சில அங்குலம் உயர்த்திக் கீழே விடுமாறு, தளர்ந்த சில்லுக்கள் மீளப் பொருந்தும் என்று, அறிவுரை வழங்கும் நிலையும் ஏற்பட்டது. முன்னையதில் வெப்பம் குறைந்தமையால் ஓசை இல்லாதாயிற்று. பின்னையதில் ஓசை கூடாதென்னும் முடிவு முந்திக்கொண்டது.

2000 ஆம் ஆண்டிலே அந்நிறுவனம், பக்கமொன்று ஏறத்தாழ 8 அங்குலமான கனசதுரக் கணினியை வெளியிட்டது. அதன் மின்வழங்கி பேழைக்கு வெளியே வைக்கப்பட்டது; உள்ளே நடுவில் அமைந்த செங்குத்தான வழியாற் சூடான காற்றுத் தானே மேலெழுந்தது; விசிறி வேண்டியதில்லை. அறிவு நுட்பத்தாற் புகழ்பெற்ற அக்கணினி, விலை மிகுதியாகையால் வாங்குவோரைப் பெறாது 2001 இல் நிறுத்தப்பட்டது. சிறுமையும் அமைதியும் ஒருங்கு கூடுதல் இயலும். ஆயின் அதற்கு விலை உண்டு என்பதற்கு அது சான்றாகும்.

வெப்பத்தைக் குறைத்தல்

முறைவழியாக்கி எனப்படும் தலைமைச் சில்லே பெரும்பாலான கணினிகளில் வெப்பத்தின் முதன்மையான பிறப்பிடம். அதன் திரான்சிற்றர்கள் தொழிற்படும்போது செலவாகும் வலு, மீடிறனுக்கு நேர்விகிதமாகவும், உவோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் அமையும். மீடிறனை மாற்றாது உவோல்ற்றளவை 1.2 இலிருந்து 1.0 ஆகக் குறைப்பின், அவ்வலு ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறையும். எனவே, எழுதுதற்கும் படித்தற்கும் கணினியை நாடுவோர் மிகு வேகமுடைய சில்லை விடுத்துக் குறைந்த வலுவுடையதைத் தெரிதல் தகும்.

மின்வழங்கியும் கவனிக்கற்பாலது. உறுப்புக்களுக்கு 100 உவாற்று வேண்டுமிடத்து, நூற்றுக்கு எண்பது திறனுடைய வழங்கி 25 உவாற்றையும், தொண்ணூறு திறனுடையது 11 உவாற்றையும் வீணே வெப்பமாக்கும். திறன் மிக்கதன் விலை கூடுதலாயினும் அதனாற் பெறும் நன்மை இரட்டையாம்.

வெப்பத்தைக் கொண்டுசெல்லல்

எஞ்சிய வெப்பம் சில்லின் சிறிய பரப்பிலிருந்து அகன்ற உலோகத் தகடுகளுக்குச் செல்லுதல் வேண்டும். செம்பு, அலுமினியத்தினும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனினும் விரைவாகச் செயற்படுவது வெப்பக்குழாய். இதனை 1963 இல் ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குறோவர் என்பார் ஆக்கினார். மூடிய செப்புக்குழாயினுட் சிறிதளவு நீர் உளது. சூடான முனையில் அது ஆவியாகி மறைவெப்பத்தை ஏந்திச்செல்லும். குளிர்ந்த முனையில் ஒடுங்கி அதனை விடுக்கும். பின்னர் உட்சுவரின் நுண்துளைகள் வழியே மீளும். அசையும் உறுப்பின்மையால் இதனால் ஓசை எழுவதில்லை. சில்லும் உலோகமும் கூடுமிடத்திற் காற்றிடைவெளி இல்லாதிருக்க வெப்பப்பசை மெல்லெனப் பூசப்படும்.

விசிறியை அறவே விலக்குதலினும் பெரிய விசிறியை மெல்லச் சுழற்றுதல் பலர்க்குப் பொருத்தமானது. ஒத்த வடிவுடைய விசிறிகளுள், 80 மில்லிமீற்றர் விசிறி நிமிடத்துக்கு 2,400 முறை சுழன்று தள்ளும் காற்றை, 120 மில்லிமீற்றர் விசிறி ஏறத்தாழ 700 முறை சுழன்றே தள்ளும். ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கின் ஓசை சுமார் 15 தெசிபெல் தாழும். பத்துத் தெசிபெற் குறைவையே செவி ஏறக்குறையப் பாதியென உணருமாதலின், இது பெரும் பயனாம்.

சுழலும் வன்தட்டு மற்றோர் ஓசைப்பிறப்பிடம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் அதிர்வு, செக்கனுக்கு 120 என்னும் மீடிறனோடு பேழையைப் பற்றும். பேழையின் தகடு மத்தளத்தோல் போல அதனைப் பெருக்கும். இறப்பர்த் தாங்கிகள் அதனைத் தணிக்கும். அசையும் உறுப்பில்லாத திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பயன்படுத்தின் அக்குறை முற்றாக நீங்கும்.

சிறுமையின் எல்லை

2001 இல் வியா நிறுவனம் வகுத்த மினி-ஐரீஎக்ஸ் என்னுந் தாய்ப்பலகை, 17 சதமமீற்றர்ச் சதுரத்தில் அடங்குவது. அதனைக் கொள்ளும் பேழை நூலடுக்கிலும் இடம்பெறும். ஆயின், பேழை சிறுக்க உலோகத் தகடுகளும் விசிறியும் சிறுக்கும். சிறிய விசிறி விரைந்து சுழன்று இரையும். முன்னர்க் கூறிய முரண் இதுவே. ஆகையாற் பேழையை முதலில் வாங்கி உறுப்புக்களை அதனுள் திணித்தல் தவறு. செய்யவேண்டிய பணி, அதற்குரிய வலு, அதனை ஓசையின்றிக் குளிர்விக்கும் தகடு, அதனைக் கொள்ளும் பேழை என்னும் ஒழுங்கே முறையானது.

இலங்கை போன்ற வெப்பநாடுகளில் இம்முறை மேலும் இன்றியமையாதது. சில்லின் எல்லை 90 பாகை எனக் கொள்ளின், 20 பாகையுள்ள அறையில் 70 பாகை வேறுபாடு கிடைக்கும். 32 பாகையுள்ள அறையில் 58 பாகையே கிடைக்கும். அதே தகடு ஆறிலொரு பங்கு குறைந்த வெப்பத்தையே அகற்றும். குளிர்நாட்டாருக்குப் போதுமான அமைப்பை அவ்வாறே பின்பற்றுவோர் ஏமாற்றமடைவர். தூசியைக் காலந்தோறும் நீக்குதலும் வேண்டும்.

இவ்வாறு அமைக்கப்பட்ட கணினி வேகத்தாற் பிறரை வியப்பிலாழ்த்தாது. எனினும், வேண்டாத வலுவை விலக்கியமையால் வேண்டாத ஓசையும் விலகிய அதன்முன் அமர்வோன், தன் எண்ணத்தைத் தானே கேட்டு எழுதலாம். படிப்பறைக்கு வேண்டுவது அவ்வமைதியே.