உடலின் உலைக்களம் – 9: கட்டிக்குப் பக்கத்தில்

ஓட்டோ வார்பர்க்கைச் சென்ற வாரம் பெர்லினில் விட்டுவந்தோம். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றுநோய்த் திசு குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கிக் கழிக்கிறது என்று 1920களில் அவர் கண்டது நினைவிருக்கும். இந்த வாரம் பெருங்குடல் கட்டியின் அமினோ அமிலங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். படிக்க உட்கார்ந்தால், கட்டியை ஒட்டியிருக்கும் நல்ல திசு என்னை விடவில்லை.

கட்டியை அகற்றும்போது இருபுறமும் கொஞ்சம் நல்ல குடலையும் சேர்த்தே வெட்டுவார்கள். ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு என்பதால் இரண்டு துண்டுகளையும் ஒப்பிடுவதில் பொருள் உண்டு. 2009இல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு 16 பெருங்குடல் புற்றுநோயாளிகளின் திசுக்களை இப்படி அளந்தது. கட்டியில் குளுக்கோஸ் மிகமிகக் குறைவு, லாக்டிக் அமிலம் அதிகம். அந்த ஆய்வுக்கூடம் நெல் விளையும் ஷோனாய் சமவெளியில், ட்சுருவோக்கா என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. உணவுக்கலைக்காக 2014இல் யுனெஸ்கோ அங்கீகரித்த ஊர் அது! செல்கள் எதைத் தின்கின்றன என்று ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

நல்ல திசு எதைத் தின்கிறது? 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோடிகர் என்பவர், வெட்டியெடுத்த மனிதக் குடலின் உள்வரிச் செல்களைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்திலேயே குளுக்கோஸ் இருந்தும், அவை எடுத்துக்கொண்ட ஆக்சிஜனில் பெரும்பகுதி பியூட்டிரேட்டை எரிக்கவே போனது. கீரையிலும் பயறிலும் உள்ள நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் கீழே இறங்க, பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பொருள் இது. வெண்ணெய் கெட்டால் மூக்கில் ஏறும் சிக்கு வாடையும் இதன் அமில வடிவத்தினுடையதே. மற்ற உறுப்புகள் ரத்தத்தை எதிர்பார்த்திருக்க, இந்தச் செல்களோ குடலின் உள்பக்கத்திலிருந்தே, பாக்டீரியா சமைத்ததை உண்கின்றன. படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடல் செல்கள் ஆற்றல் வற்றித் தம்மையே தின்னத் தொடங்கின என்று 2011இல் வட கரோலினாவில் ஸ்காட் பல்ட்மன் குழு காட்டியது. பியூட்டிரேட் கொடுத்ததும் தேறின. மறு ஆண்டு அதே குழு புற்றுச்செல்களுக்கு வந்தது. அவை குளுக்கோஸுக்கு மாறிவிட்டதால் பியூட்டிரேட்டை அதிகம் எரிப்பதில்லை. எரியாதது செல்லின் உட்கருவில் தேங்கி, மரபணுக்களின் இயக்கத்தை மாற்றி, வளர்ச்சியைத் தடுக்கிறது. நல்ல செல்லுக்குச் சோறாக இருப்பதே புற்றுச்செல்லுக்குத் தடையாகிறது. இது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் கண்டது. இதை வைத்து யாராவது மாத்திரை விற்க வந்தால் நம்பாதீர்கள்.

அமினோ அமிலங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ட்சுருவோக்கா அளவீட்டில் அவை ஏறக்குறைய எல்லாமே கட்டியில் கூடியிருந்தன, குளுட்டமின் ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எங்கே போகிறது என்பது அடுத்த வாரம்.