நினைத்ததும் அறிந்ததும்

வீரமாமுனிவரை அறியாத தமிழ் மாணவி உண்டோ? 1680-இல் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்த அவர், 1728-இல் நம் பேச்சுத் தமிழுக்கே இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். அவருடைய தாய்மொழி இலக்கணத்தில் ஒரு துளியேனும் நாம் அறிய வேண்டாமா? ரோமாபுரியில் பயின்று வந்த அருட்சகோதரி ஒருவர் எங்கள் ஆவலைத் தீர்த்து வைத்தார்.

இத்தாலிய வினைக்குக் 'கொஞ்ஜுந்தீவோ' என்றொரு வடிவம் உண்டு. கொஞ்சும் தீவோ என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் அது கண்டிப்பான இலக்கணம்! அறிந்ததை உறுதியாகச் சொல்லும்போது வினை ஒரு வடிவம் பெறும். எண்ணம், அச்சம், விருப்பம் ஆகியவற்றைச் சொல்லும்போது இவ்வடிவம் பெறும்.

"அவள் நோயுற்றிருக்கிறாள் என்று அறிவோம்" என்றால் 'இருக்கிறாள்' என்பதற்கு 'ஏ' என்பர். "நினைக்கிறோம்" என்றால் அதுவே 'ஸீயா' ஆகும். இறந்த காலத்தில், "அறிந்திருந்தோம்" என்றால் 'ஏரா'. "நினைத்தோம்" என்றால் 'ஃபொஸ்ஸே'. நினைத்த நாளுக்கும் முன்பே நோயுற்றிருந்தாள் எனக் கருதினால் 'ஃபொஸ்ஸே ஸ்தாத்தா'.

தமிழிலோ முதல் நான்கு இடங்களிலும் 'இருக்கிறாள்' மாறுவதில்லை. அன்று மனத்தில் எழுந்த சொற்களை அப்படியே வைத்து 'என்று' எனச் சேர்த்துவிடுகிறோம். அறிந்தோமா, வெறுமனே நினைத்தோமா என்பதை முடிவில் வரும் வினையே காட்டும்.

நடவாததைச் சொல்லவும் கொஞ்ஜுந்தீவோ வேண்டும். "கேட்டிருந்தால் அறிந்திருப்போம்" என்பதில் 'கேட்டிருந்தால்' என்பது 'ஸே அவெஸ்ஸிமோ கியெஸ்தோ' எனக் கொஞ்ஜுந்தீவோவில் வரும். 'அறிந்திருப்போம்' என்பதற்கு 'அவ்ரெம்மோ சபூத்தோ' என வேறு வடிவம். நமக்கு 'ஆல்' என்னும் சிறு விகுதியே போதும்.

இந்த எடுத்துக்காட்டுகள் கரும்பலகையில் எழுதப்பட்டபோது எங்கள் சிரிப்பு அடங்கியது. சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருத்தி பல நாள் வகுப்புக்கு வரவில்லை. அவள் நோயுற்றிருக்கிறாள் என்று நினைத்தோம். உண்மையில், தாயார் படுக்கையில் விழுந்ததால், அவருக்குப் பதிலாக அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் பிசிறு வெட்டச் சென்றிருந்தாள். அவள் காலாண்டுத் தேர்வு எழுதவில்லை. கேட்டிருந்தால் அறிந்திருப்போம், மாலையில் பாடக் குறிப்புகளையேனும் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம்.

அன்புத் தோழியரே, நினைத்ததை அறிந்ததாகச் சொல்லாதிருக்க இத்தாலியருக்கு ஒரு வினைவடிவம் உண்டு. நமக்கு அவ்வடிவம் இல்லை. ஆனால் தோழியின் வீட்டுக்குச் சென்று கேட்க நமக்குக் கால்களும் வாயும் உண்டு. வகுப்பில் ஓர் இடம் காலியாகும்போது இனி நாம் நினைத்துக்கொண்டிராமல் கேட்டறிவோமாக!