விமானம் ரத்தானால் முறையிடுவது எங்கே?

ஊரில் தாயாருக்குச் சுகவீனம் என்று செய்தி வந்தால், இரண்டு நாள் ரயில் பிரயாணத்துக்கு இன்று நம்மில் பலருக்குப் பொறுமையில்லை, விமானத்தையே நாடுகிறோம். அது கடைசி வேளையில் ரத்தாகிவிட்டாலோ, கவுண்ட்டரில் நின்று சத்தமிட்டுவிட்டு, தலைவிதியென்று திரும்பிவிடுகிறோம். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது எங்கும் இக்காட்சிதான். உட்கார்ந்து மனு எழுதியவர் நமக்குத் தெரிந்தவரையில் சொற்பமே.

டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளோ பிரயாணிகளைக் கைவிடவில்லை. உரிய காலத்தில் அறிவிக்காமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய். ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருட் கட்டணமும் சேர்ந்து அதனினும் குறைவாயின், அத்தொகையே நஷ்டஈடு. மூடுபனி, புயல் முதலியவற்றால் நின்றால் நஷ்டஈடு இல்லை. (டெல்லி அன்பர்கள் மார்கழிப் பனியின் மீது வழக்குத் தொடர முடியாது!) ஆயினும் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்க உரிமையுண்டு.

இங்கே நம்மவர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. பதிவு செய்கையில் தொடர்புக்கான விவரத்தைச் சரிவரத் தராதவருக்கு நஷ்டஈடு கிடையாது என்பதும் விதியே. ஏஜெண்ட் தமது டெலிபோன் எண்ணையே எழுதிவிட்டால், ரத்துச் செய்தி அவருக்குப் போகும். நாமோ பெட்டியுடன் நிலையத்தில் நிற்போம். ஆகவே டிக்கெட்டில் நமது எண் உள்ளதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறையீட்டை முதலில் விமானக் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கும், பிறகு அதன் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் எழுத்தில் அனுப்புக. பயனில்லையேல், விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் தொடங்கிய ஏர்சேவாவில் பதியலாம். அது கம்பெனியைப் பதில் சொல்ல வைக்கும். நாம் பட்ட மனக்கஷ்டத்துக்கு விலை நிர்ணயிக்காது.

அதற்குரிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வெளியூரில் வாழும் நமக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய உபகாரம் செய்திருக்கிறது: மனுதாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். கல்கத்தாவாசி, கம்பெனியின் தலைமை அலுவலகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக் கட்டணமும் இல்லை. வக்கீல் வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. கெடு 2 ஆண்டு.

டிக்கெட், போர்டிங் பாஸ், ரத்துச் செய்தி, அன்றிரவு தங்கிய விடுதியின் ரசீது ஆகியவற்றை வழக்கு முடியும்வரை ஒரே உறையில் வைத்திருங்கள்.