துணை மின் நிலையப் பராமரிப்பு

உயர் மின்னழுத்தத்தில் வரும் மின்சாரத்தைக் குறைந்த அழுத்தத்துக்கு மாற்றி, பல ஊர்களுக்குப் பிரித்தனுப்பும் இடம் துணை மின் நிலையம் எனப்படும். அங்குள்ள மின்மாற்றி, பிரேக்கர், ரிலே, மின்கல அடுக்கு முதலியவற்றைக் காலமுறைப்படி சோதித்து, பழுது பெரிதாகுமுன் சரிசெய்வது துணை மின் நிலையப் பராமரிப்பு ஆகும். மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மின்தடை செய்யப்படும் என்று தமிழக நாளிதழ்களில் செயற்பொறியாளர் பெயரில் வரும் அறிவிப்பு பலருக்கும் பழக்கமானது. எந்தக் கருவியை எப்போது நிறுத்துவது, வேலை முடிந்தபின் எப்போது மீண்டும் இணைப்பது என்ற முடிவுகள் அந்த அறிவிப்புக்குப் பின்னால் உள்ளன. மூத்த பொறியாளரின் முதன்மைப் பொறுப்பு அந்த முடிவுகளே.

பொறுப்பு நிலைகள்

1957-இல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டபோது, மின்கடத்தல் தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகத்தின் பொறுப்பாயிற்று. 400, 230, 110 கிலோவோல்ட் போன்ற அழுத்தங்களில் துணை மின் நிலையங்கள் இயங்குகின்றன. பொறியாளர் பதவிகள் உதவிப் பொறியாளர், உதவிச் செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று ஏறுவரிசையில் அமைந்துள்ளன. முக்கியமான உயரழுத்தத் தடங்களை நிறுத்த நிலையப் பொறியாளரின் முடிவு மட்டும் போதாது. சென்னையிலுள்ள மாநில மின்சுமைப் பகிர்வு மையத்தின் இசைவும், மாநிலங்களை இணைக்கும் தடமாயின் பெங்களூருவிலுள்ள தென்மண்டல மையத்தின் இசைவும் வேண்டும்.

லைன் கிளியர்

மின்தடத்திலோ கருவியிலோ கைவைத்து வேலை செய்யத் தரப்படும் எழுத்துவழி அனுமதி, மின்துறையில் லைன் கிளியர் என்று வழங்கப்படுகிறது. அதற்கு முன்னர்ச் செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறக்கூடாது.

முதலில் பிரேக்கர் திறக்கப்படும். மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது எழும் தீப்பொறியை அணைக்கும் திறன் அதற்கே உண்டு. அதன் பின்னரே இருபுறமும் உள்ள ஐசோலேட்டர்கள் திறக்கப்படும். சுமை ஓடும்போது ஐசோலேட்டரைத் திறந்தால் பெருந்தீப்பொறி எழுந்து, இயக்குபவரின் உயிருக்கே ஆபத்தாகும். பிறகு ஐசோலேட்டர்கள் பூட்டப்பட்டு, எச்சரிக்கைப் பலகை மாட்டப்படும். அடுத்து, மின்சாரம் இல்லை என்பது கருவி கொண்டு உறுதிசெய்யப்படும். கடைசியாகத் தடம் நில இணைப்புச் செய்யப்படும். ஊழியர்கள் இதனை எர்த் போடுதல் என்பர்.

பிரேக்கரைத் திறந்த பிறகும் எர்த் போடுவதற்குக் காரணங்கள் உள்ளன. அருகில் இணையாகச் செல்லும் மற்றொரு தடத்தால் நிறுத்தப்பட்ட கம்பியிலும் மின்னழுத்தம் தூண்டப்படலாம். மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். மின்தடையின்போது ஒரு கடையிலோ வீட்டிலோ ஜெனரேட்டரைத் தவறான இணைப்பில் இயக்கினால், அந்த மின்சாரம் தெரு மின்மாற்றி வழியாகப் பின்னோக்கிச் சென்று 11,000 வோல்ட்டாக உயரலாம். மின்மாற்றி இருதிசையிலும் வேலை செய்யக்கூடியது. கம்பத்தில் ஏறியிருப்பவரைக் காப்பது அந்த எர்த் கம்பியே. மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளும் நில இணைப்பை வலியுறுத்துகின்றன.

வேலை முடிந்ததும் ஆட்களும் கருவிகளும் எண்ணிச் சரிபார்க்கப்பட்டு, எர்த் அகற்றப்படும். லைன் கிளியர் பெற்றவரே அதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஒரே தடத்தில் இரண்டு குழுக்கள் வேலை செய்தால் இரண்டு அனுமதிகளும் திரும்பி வரும்வரை மின்சாரம் தரக்கூடாது.

மின்மாற்றியின் உடல்நலம்

துணை மின் நிலையத்தில் விலை மிகுந்த கருவி மின்மாற்றி. எரிந்துபோன பெரிய மின்மாற்றிக்கு மாற்றாகப் புதிதாக ஒன்றைச் செய்து வாங்கப் பல மாதங்கள் ஆகும். ஆகவே அதன் உள்நிலையைத் திறந்து பார்க்காமலேயே அறியும் சோதனைகள் வளர்ந்துள்ளன.

மின்மாற்றியின் எண்ணெய் குளிர்விக்கவும் மின்காப்புக்கும் பயன்படுகிறது. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரு முனைகளுக்கிடையே எத்தனை கிலோவோல்ட் வரை எண்ணெய் தாங்குகிறது என்று பார்ப்பது அடிப்படைச் சோதனை. எண்ணெயில் ஈரம் கலந்தால் இந்தத் திறன் குறையும். ஈரம் நுழையாமல் தடுக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் அதை மாற்ற வேண்டும் என்று பொருள். நிறமாற்றம் வேறுவிதமாக உள்ள ஜெல் வகைகளும் உண்டு.

எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களின் பகுப்பாய்வு இன்னும் நுட்பமானது. அசெட்டிலீன் தென்பட்டால் உள்ளே மின்பொறி எழுகிறது என்று ஐயுறலாம். எத்திலீன் மிகுந்தால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிறது எனலாம். கார்பன் மோனாக்சைடு உயர்ந்தால் கம்பிச்சுருளைச் சுற்றியுள்ள காப்புத் தாள் சிதைகிறது என்று கருத இடமுண்டு. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். தாளை அப்படி மாற்ற முடியாது. தாளின் ஆயுளே மின்மாற்றியின் ஆயுள். ஒரு சோதனையின் எண்ணைவிட, முந்தைய முடிவுகளிலிருந்து அது எவ்வளவு வேகமாக மாறியுள்ளது என்பதையே அனுபவமுள்ள பொறியாளர் முதலில் பார்ப்பார்.

தொட்டிக்கும் மேலுள்ள எண்ணெய்க் கலத்துக்கும் இடையே புக்கோல்ஸ் ரிலே பொருத்தப்படுகிறது. செருமானியரான மாக்ஸ் புக்கோல்ஸ் 1920-களின் தொடக்கத்தில் உருவாக்கியது இது. வாயு மெதுவாகச் சேர்ந்தால் இது மணியடிக்கும். எண்ணெய் திடீரெனப் பாய்ந்தால் மின்மாற்றியை நிறுத்திவிடும். அப்படி நின்றுபோன மின்மாற்றியை, காரணம் அறியாமல் மீண்டும் இயக்கக்கூடாது.

காவல் அமைப்பு

400 கிலோவோல்ட் தடத்தில் பழுது ஏற்பட்டால் 100 மில்லிநொடிக்குள் அதைத் துண்டிக்க வேண்டும் என்பது இந்திய மின்தொகுப்புத் தர விதி. பழுதைக் கண்டறிவது ரிலே, துண்டிப்பது பிரேக்கர். இரண்டும் இயங்க நிலையத்தின் மின்கல அடுக்கிலிருந்து 110 அல்லது 220 வோல்ட் நேர்மின்சாரம் வர வேண்டும். மின்கலம் செயலிழந்தால் பழுதைக் கண்ட ரிலேயாலும் பிரேக்கரைத் திறக்க இயலாது. அதனால்தான் மின்கலங்களைச் சோதிப்பது அன்றாடப் பணிகளில் ஒன்றாக இருக்கிறது. கடலோர நிலையங்களில் பீங்கான் காப்பிகள் மீது படியும் உப்பும் பெருந்தொல்லை. பனி பெய்து அது ஈரமானால் மேற்பரப்பில் மின்சாரம் பாய்ந்துவிடும். எனவே அவற்றைக் கழுவுவதும் பராமரிப்பில் அடங்கும்.

நிறுத்தும் முடிவின் விளைவு: 2012

2012 சூலை 30 அதிகாலையில் இந்தியாவின் வட மண்டல மின்தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் இருளில் மூழ்கின. மேற்கையும் வடக்கையும் இணைக்கும் பல தடங்கள் அப்போது இயக்கத்தில் இல்லை. பினா–குவாலியர்–ஆக்ரா தடத்தின் இரண்டாம் சுற்று, 765 கிலோவோல்ட்டுக்குத் தரம் உயர்த்தும் பணிக்காக நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சிய ஒரு சுற்றில் சுமை மிகுந்தது. வட மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தன. தடத்தில் பழுது ஏதும் இல்லாதபோதும், மிகுசுமையைப் பழுதாகக் கணித்த ரிலே அதைத் துண்டித்தது. தென் மண்டலம் அப்போது உயரழுத்த நேர்மின் இணைப்புகள் வழியாக மட்டுமே மற்ற மண்டலங்களோடு இணைந்திருந்ததால் தப்பியது. 2013 திசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் அந்த நிலையை மாற்றி, தெற்கையும் ஒரே தேசியத் தொகுப்பில் சேர்த்தது.

மீண்டும் இணைத்தல்

அறிவித்த நேரத்தில் மின்சாரம் வராவிட்டால் தொலைபேசி அழைப்புகள் குவியும். சோதனை முடிவு ஐயத்துக்கிடமாக இருக்கும்போது, அந்த நெருக்கடியிலும் இணைப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் கடமையும் பொறுப்புப் பொறியாளருக்கு உண்டு. ஒரு மணி நேரத் தாமதத்தை ஊர் பொறுத்துக்கொள்ளும். அவசரத்தில் இணைத்த மின்மாற்றி எரிந்தால் பல மாதங்கள் அந்தப் பகுதி குறைந்த மின்சாரத்தில் காலந்தள்ள நேரும். லைன் கிளியர் திரும்பாத தடத்தை இணைத்தால் அதில் வேலை செய்துகொண்டிருப்பவரின் உயிர் போகும்.