கார்டு பெட்டியின் அகலக் கதவு

பெரம்பூர் ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பர்னிஷிங் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். ஷெல் பிரிவிலிருந்து பெட்டி வெறும் இரும்புக் கூடாக வந்து நிற்கும். இருக்கை, ஜன்னல், கழிப்பறை எல்லாம் வைத்து அதை ஆள் ஏறுகிற பெட்டியாக்குவது எங்கள் வேலை. ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்தில் மகன் வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் நீராவி ரயில் பாதை ஒன்று. அதன் கொட்டகையில் ஒரு பழைய பெட்டியைச் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் போனவன் சுத்தியலை வாங்கிக்கொண்டேன். மூன்று கோடைகாலம் அங்கேதான் கழிந்தது.

அந்த நாட்டில் இப்படிப்பட்ட பாதைகள் நிறைய. 1951ல் வேல்ஸில் மூடவிருந்த டாலிலின் ரயில்வேயை ஆர்வலர்கள் ஏற்று நடத்தினார்கள். உலகிலேயே அதுதான் முதல். அதன்பின் ஊர் ஊராகப் பரவியது. பெரும்பாலான பாதைகளில் வேகம் மணிக்கு 25 மைலைத் தாண்டாது. அவசரம் இல்லாதவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்க்கும் பயணம் அது.

நாங்கள் மாற்றியது 'மார்க் 1' என்ற வகைப் பெட்டி. பிரிட்டிஷ் ரயில்வே 1951லிருந்து கட்டியது. நீளம் சுமார் 20 மீட்டர். உள்ளே சுவரெல்லாம் மரப்பலகை. இன்ன மரம், இன்ன இடத்தில் விளைந்தது என்று சிறு சீட்டு ஒட்டிய பெட்டிகளும் உண்டு. தச்சனுக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் கதவோ ஒரு ஆள் கைப்பெட்டியோடு நுழைகிற அகலம்தான். உள்ளே நடைபாதை அதைவிடக் குறுகல். அங்கே சக்கர நாற்காலி திரும்பவே வழியில்லை.

கதவை அகலப்படுத்த வேண்டியதுதானே என்று கேட்கலாம். நான் வேலை கற்ற இடத்தில் அப்படிக் கேட்டால் போர்மேன் முறைப்பார். சுவிஸ் நாட்டு ஷிலீரன் நிறுவனத்தின் வடிவமைப்பில் ஐ.சி.எப்.பில் 1955 முதல் கட்டிய பெட்டியில் தரை, சுவர், கூரை மூன்றும் சேர்ந்துதான் பாரம் தாங்கும். முட்டை ஓடு மாதிரி. ஓரிடத்தில் வெட்டினால் பலம் முழுவதும் பாதிக்கும். மார்க் 1 அப்படியல்ல. கீழே கனமான இரும்புச் சட்டகம் ஒன்று தனியாக இருக்கிறது. பாரம் பெரும்பாலும் அதன்மேல். மேலே உள்ள உடம்பை வெட்டிச் சுற்றிலும் சட்டம் வைத்துப் பற்றவைக்கலாம். பழைய கட்டுமானம் இந்த விஷயத்தில் இரக்கமுள்ளது.

இருந்தாலும் கதவுக்காக வெட்டாமல் முடிந்தால் நல்லது. கொட்டகைப் பெரியவர் தேர்ந்தெடுத்தது மார்க் 1 வகையிலேயே கார்டு பெட்டியை. பாதியில் பயணிகள் அறைகள், மீதிப் பாதியில் கார்டும் மூட்டை முடிச்சும். அந்த மூட்டைப் பகுதிக்கு அகலமான இரட்டைக் கதவு உண்டு. சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். அதனால்தான் அங்கே பல பாதைகளில் கார்டு பெட்டியையே இந்த வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. முந்தைய தலைமுறையில் அந்த நாட்டில் சக்கர நாற்காலிக்காரர்கள் ரயிலேறினால் அவர்களை ஏற்றியது இதே மூட்டைப் பகுதியில்தான். சைக்கிள், பார்சல், தபால் பை, நடுவில் ஒரு மனிதர். வெளியே பார்க்கச் சரியான ஜன்னல் கிடையாது. இப்போது அதே கதவு, ஆனால் உள்ளே வேறு உலகம் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேலையின் முழு அர்த்தம்.

வில்லிவாக்கத்தில் என் அக்கா இருக்கிறாள். மூன்று வயதில் போலியோ. சின்ன வயதில் அப்பா தோளில் தூக்கித்தான் அவளை ரயிலில் ஏற்றுவார். வேலையைப் பற்றி போனில் சொன்னேன். கதவு அகலம், தரை, கழிப்பறை என்று நான் அடுக்க, அவள் ஒன்றைத்தான் கேட்டாள்: "ஜன்னல் எந்த உசரத்துலடா இருக்கு? உக்காந்தா வெளிய தெரியுமா?"

மறுநாளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண் மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்தேன். மூட்டைப் பகுதியில் புதிதாக வெட்டிய பெரிய ஜன்னல்களின் அடிமட்டம் அந்தக் கோட்டைப் பார்த்து முடிவானது. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற ஜன்னல்களோடு அவை ஒரே வரிசையில் நிற்கின்றன. பெட்டியின் பழைய முகம் கெடவில்லை.

மற்றவை பொறுமையைச் சோதிக்கும் வேலைகள். பழைய மார்க் 1 பெட்டிகள் பலவற்றில் வெப்பம் தடுக்கக் கல்நார் தெளித்திருப்பார்கள். நுரையீரலுக்கு நஞ்சு. உரிமம் பெற்றவர்கள் வந்து அதை எடுத்து முடிக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு நாற்காலி நிற்க 1,300 மி.மீ. நீளம், 750 மி.மீ. அகலம் என்று பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதி சொன்னது. அந்த விதி 1999 முதல் ஓடத் தொடங்கிய வண்டிகளுக்குத்தான். எங்கள் பெட்டியை அது கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் அந்த அளவுக்குக் குறையாமல் இடம் விட்டோம். பக்கத்திலேயே குடும்பத்தாருக்கு இருக்கை, நடுவில் சக்கர நாற்காலியின் கைப்பிடி உள்ளே போகும் உயரத்தில் மேஜை. தனியாக ஓரம் கட்டி நிறுத்துவதென்றால் மூட்டைப் பகுதியே போதுமே.

பிளாட்பாரத்துக்கும் பெட்டித் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்துக்கு மடக்கும் அலுமினியச் சாய்வுப் பலகை. இதில் ஒரு கணக்கை நினைத்துப் பாருங்கள். கட்டடங்களில் சக்கர நாற்காலிச் சாய்தளம் 12க்கு 1 என்ற அளவுக்குமேல் செங்குத்தாகக் கூடாது என்பது பொதுவான விதி. நம் ஊட்டி மலை ரயிலின் மிகச் செங்குத்தான ஏற்றமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அதை ஏற எஞ்சினுக்கே பல்சக்கரம் தேவைப்படுகிறது. ஏறக்குறைய அதே ஏற்றத்தைத்தான் மனிதக் கைகளிடம் கேட்கிறோம். 30 செ.மீ. உயரத்துக்கே 3.6 மீட்டர் பலகை வேண்டும். சின்ன பிளாட்பாரத்தில் அதற்கு இடம் ஏது? பலகை குட்டையாகிறது, சரிவு கூடுகிறது, தள்ள ஒருவர் எப்போதும் நிற்க வேண்டியிருக்கிறது. பலகையை எங்கே மாட்டி வைப்பது, யார் எடுத்துப் போடுவது என்று முடிவு செய்யாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை.

நம் ஊரிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான அறை கார்டும் மூட்டையும் இருக்கும் எஸ்.எல்.ஆர். பெட்டியில்தான் அமைந்தது. ஐ.சி.எப்.பில் பழைய ஷிலீரன் வடிவமைப்புப் பெட்டி கட்டுவது 2018ல் நின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவையும் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. சில உணவகங்களாகிவிட்டன. நாளை இவையும் பாரம்பரியப் பெட்டிகள் என்று பெயர் வாங்கும். பாதுகாக்க எதை வைத்துக்கொள்வது என்று பேசுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது: முதல் வகுப்புப் பெட்டியை வைக்கும்போது கூடவே ஒரு எஸ்.எல்.ஆர். பெட்டியையும் எடுத்து வையுங்கள். அகலக் கதவு அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஜன்னலைக் குறிக்கும் நாளில் மட்டும், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை உள்ளே அழைத்துவந்து, அவர் கண் மட்டத்தில் கோடு போடுங்கள்.